நான்கு இடத்தில் எரிந்த விளக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். பாரிமுனையைப் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் எழுதிய கட்டுரையில் ஒரு வரி எனக்கு இடித்தது. ‘ஹைகோர்ட் வளாகத்துக்குள் நிற்கும் கல்தூண்தான் சென்னையின் முதல் கலங்கரை விளக்கம்’ என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் தாத்தா துறைமுகத்தில் கலாசியாக இருந்தவர். தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. ஞாபகம் மட்டும் அப்படியே இருக்கிறது. உங்கள் கட்டுரையை அவருக்குப் படித்துக் காட்டினேன். “தப்பு. கோட்டைக்குள்ள ஒண்ணு, கோர்ட்டு வாசல்ல ஒண்ணு, கோர்ட்டு மண்டையில ஒண்ணு, இப்ப பீச்சுல ஒண்ணு. மொத்தம் நாலு” என்று விரல் மடக்கினார். யார் சொல்வது சரி?

இன்னொரு கேள்வியும் உண்டு. ஒரே ஊரில் விளக்கை ஏன் இப்படி மூன்று தடவை இடம் மாற்றினார்கள்? நான் சரக்குப் பெட்டகம் அனுப்பும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். நடுக்கடலில் இருக்கும் கப்பல் இந்த நிமிடம் எங்கே நிற்கிறது என்று என் செல்போனிலேயே பார்க்கிறேன். இந்தக் காலத்தில் அந்த விளக்கு யாருக்காக எரிகிறது? செல்ஃபி எடுக்கத்தான் என்கிறாள் என் மனைவி.

அன்புடன்,
செ., ராயபுரம்

*

அன்புள்ள செ.,

தாத்தா சொன்னதுதான் சரி. நான் எழுதியது தப்பு. கட்டுரையில் திருத்திவிட்டேன். தாத்தாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

தப்பு எப்படி நேர்ந்தது என்று யோசித்தேன். அந்தக் கல்தூணைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூட கலங்கரை விளக்கம் என்று சொல்லிவிடும். அதற்கு முந்தியதை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், நான் உட்பட. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு நான் ஏழெட்டு முறை போயிருக்கிறேன். கீழே கார்ன்வாலிஸ் சிலை, நாணயங்கள், பீரங்கிக் குண்டுகள், 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏறிய தேசியக்கொடி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட மொட்டை மாடியை நினைத்துப் பார்த்ததில்லை. சென்னையின் முதல் விளக்கு எரிந்தது அந்த மாடியின் மேல்தான்.

அந்தக் கட்டடத்தை வியாபாரிகள் கூடிப் பேரம் பேசுவதற்காக 1790களில் கட்டினார்கள். கீழே கொடுக்கல் வாங்கல், சரக்கு விற்பனை, கப்பல் வந்த செய்தி. 1796இல் அதன் உச்சியில் ஒரு பெரிய விளக்குக் கூண்டை வைத்தார்கள். எண்ணெய், நம்மூர்த் தேங்காயெண்ணெய். சுடருக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப நாட்டுக் கண்ணாடிகள். கடல்மட்டத்திலிருந்து 99 அடி உயரம். 25 மைல் தூரத்திலிருந்து தெரிந்தது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். தேங்காயெண்ணெய் விளக்கு 25 மைலுக்கா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

பூமி உருண்டை என்பதால் கடலில் பார்வைக்கு ஒரு எல்லை உண்டு. கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதை மீட்டரில் எழுதி, வர்க்கமூலம் கண்டு, மூன்றரையால் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று தோராயமாக வந்துவிடும். 99 அடி என்பது 30 மீட்டர். அந்த விளக்குக்கு அடிவானம் ஏறத்தாழ 19 கி.மீ. அதே உயரமுள்ள பாய்மரத்தின் உச்சியில் ஒருவன் ஏறி உட்கார்ந்தால் அவனுக்கும் 19. இரண்டையும் கூட்டினால் 38 கி.மீ., அதாவது 24 மைல். எழுதிவைத்தவர்கள் கதை விடவில்லை. வானம் தெளிவாக இருந்து, பாய்மரத்தின் மேல் கூர்மையான கண்ணுள்ள ஆள் இருந்தால் தெரிந்திருக்கும். படகுக்குள் உட்கார்ந்திருக்கும் மீனவருக்குக் கண் ஒரு மீட்டர் உயரத்தில்தான். அவருடைய சொந்த அடிவானம் மூன்றரை கி.மீ.தான். கடலுக்குப் போகிறவர்கள் உயரமான எதையும் மறக்க மாட்டார்கள் என்பதற்கு இதுதான் காரணம்.

விளக்கு ஏன் இடம் மாறியது என்ற கேள்விக்கும் பாதி பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. உயரத்தை இரட்டிப்பாக்கினால் தூரம் இரட்டிக்காது, ஒன்றரை மடங்குகூட ஆகாது. அந்தக் கொஞ்சம் தூரத்துக்காகத்தான் விளக்கைத் தூக்கித் தூக்கி மேலே வைத்தார்கள். மீதிப் பாதிக்குச் சென்னையின் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கலங்கரை விளக்கம் என்றால் பாறையைக் காட்டி எச்சரிப்பது, இல்லையென்றால் துறைமுக வாயைக் காட்டுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். சென்னைக் கரையில் சொல்லும்படியான பாறையும் இல்லை, 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதி வரை துறைமுகமும் இல்லை. குடாவோ ஆழமான ஆற்றுமுகமோ கிடையாது. நேர்க்கோடு போட்டது போல மணல், அதில் ஓயாமல் வந்து விழும் அலை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகளும் கட்டுமரங்களும். மசூலா படகில் ஓர் ஆணிகூட இருக்காது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலையில் விழும்போது படகு வளைந்து கொடுக்கும். ஆணி அடித்த படகு அந்த அடியில் பிளந்துபோகும். சீமையிலிருந்து மாதக்கணக்கில் பத்திரமாக வந்த துரைமார்கள் கடைசி ஒரு மைலில் நனைந்து, நடுங்கி, கூலித் தகராறு செய்துகொண்டு கரையேறினார்கள்.

வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அப்படி நங்கூரம் போட்டு நிற்பதே ஆபத்து. 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தோனேயின் கப்பல்கள் அக்டோபர் நடுவில் கோட்டைக்கு எதிரே நின்றிருந்தன. ஒரே இரவில் புயல் வந்து அவற்றைச் சிதறடித்தது. பல கப்பல்கள் மூழ்கின.

ஆக, சென்னை விளக்கின் வேலை விசித்திரமானது. “ஊர் இங்கேதான் இருக்கிறது, வா. ஆனால் கிட்ட வராதே” என்று அது ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருந்தது. ‘கலங்கரை’ என்ற சொல்லை நான் சரியாகப் புரிந்துகொண்டதே இதை யோசித்தபோதுதான். ரொம்ப நாள் வரை கலம், கரை என்று பிரித்து, கலத்துக்குக் கரையைக் காட்டும் விளக்கு என்றே நினைத்திருந்தேன். அந்தக் ‘கரை’ மணல் கரை இல்லை. காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல். கூப்பிடுவது. கலத்தைக் கூப்பிடும் விளக்கு. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் வரும் ‘கலங்கரை விளக்கம்’ இதுதான்.

பெரும்பாணாற்றுப்படையில் இன்னும் விரிவாக இருக்கிறது. நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தைச் சொல்லும்போது உருத்திரங்கண்ணனார் ஒரு மாடத்தைக் காட்டுகிறார். வானத்துக்கு முட்டுக் கொடுத்த தூண் போல நிற்கிறது. ஏணி சாத்தியிருக்கிறது, ஆனாலும் ஏறுவது கஷ்டம். கூரை வேயவில்லை. (மேலே தீ எரியும்போது கீற்று வேய்ந்தால் என்ன ஆகும்!) இரவில் அதில் மாட்டிய தீ, கடலில் ஓடும் கலங்களைக் கூப்பிடுகிறது. அவருடைய சொற்களில் ‘ஓடுகலங் கரையும் துறை’. அந்த மாடத்தின் உச்சியை அவர் ‘ஏற்றருஞ் சென்னி’, அதாவது ஏறுவதற்கு அரிய சென்னி என்கிறார். சென்னி என்றால் தலை. உங்கள் தாத்தா ‘கோர்ட்டு மண்டை’ என்கிறார். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நூற்றாண்டு ஓடியிருந்தாலும் கட்டடத்தைப் பார்க்கிற கண் ஒன்றுதான்.

நீர்ப்பெயற்று என்பது இன்றைய மாமல்லபுரம்தான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அந்த அடையாளத்தை நான் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பாறை உச்சியில், பல்லவர் காலத்துச் சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. ஒலக்கணேஸ்வரர் கோயில். பக்கத்தில் இப்போதைய விளக்குக் கோபுரம் வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் அந்தக் கோயிலைத்தான் விளக்கு ஏற்றப் பயன்படுத்தினார்கள். கடலுக்கு வேண்டியது உயரம். அது வணிகர் கூடமா, கோயிலா, கோர்ட்டா என்று கடல் பார்ப்பதில்லை.

நான் முதல் என்று எழுதி மாட்டிக்கொண்ட அந்த இரண்டாவது விளக்குக்கு வருகிறேன். சென்னையில் விளக்குக்கென்றே முதன்முதலாகக் கட்டிய கட்டடம் அதுதான். என் தப்புக்கு அவ்வளவு சமாதானம் மட்டும் சொல்லிக்கொள்ளலாம். 1838இல் வேலை தொடங்கி, 1844இல் விளக்கு ஏறியது. 125 அடி. கிரேக்க டோரிக் பாணியில் ஒரே ஒரு ராட்சதத் தூண். கோயிலைக் கட்ட வந்தவர்கள் ஒரு தூணோடு பணம் தீர்ந்து திரும்பிப் போய்விட்டது போல இருக்கும். வடிவமைத்தவர் சென்னைப் படையின் பொறியாளர் ஜான் தாமஸ் ஸ்மித். பின்னாளில் சென்னை நாணயச் சாலைக்குத் தலைவராக இருந்தவர் இவர்தான்.

தூணை எல்லோரும் பார்க்கிறோம். ஸ்மித்தின் மூளை உள்ளே இருந்த விளக்கில் தெரிகிறது. தேங்காயெண்ணெய்க் கூண்டு போய், ஆர்கண்ட் விளக்குகள் வந்தன. ஆர்கண்ட் விளக்கில் திரி குழாய் போல உள்ளீடற்று இருக்கும். சுடருக்கு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் காற்று கிடைக்கும். மேலே கண்ணாடிச் சிம்னி. அதனால் புகை குறைந்து வெளிச்சம் பல மடங்கு கூடும். பின்னால் குழிந்த உலோகப் பிரதிபலிப்பான். இதெல்லாம் அன்று ஐரோப்பாவில் இருந்ததுதான். ஸ்மித் சேர்த்தது அசைவை. விளக்கு முழு வட்டம் சுற்றினால் பாதி நேரம் ஜார்ஜ் டவுனுக்கு வெளிச்சம் அடித்துக்கொண்டிருக்கும். அங்கே கப்பல் ஏது? அதனால் கடல் பக்கம் மட்டும் போய்த் திரும்புகிற மாதிரி, ஊசலாடும் விளக்காக அதை அமைத்தார். எண்ணெய் முழுக்கக் கடலுக்கே செலவு. சிக்கனம் என்றால் இது சிக்கனம்.

அந்தத் தூண் 50 ஆண்டுகள் வேலை செய்தது. அதை ஓய்வுக்கு அனுப்பியது பக்கத்திலேயே எழும்பிய கட்டடம். 1892இல் ஹைகோர்ட் திறந்தது. சிவப்புச் செங்கல், குமிழ் குமிழாகக் குவிமாடங்கள், அவற்றில் ஒன்று மற்றவற்றை மிஞ்சி நிற்கிறது. அதன் உச்சி 175 அடி. கூப்பிடு தூரத்தில் 50 அடி அதிகமாக ஒரு தலை நிற்கும்போது 125 அடித் தூணுக்கு என்ன மரியாதை? 1894 ஜூனில் விளக்கு கோர்ட்டின் மண்டைக்கு ஏறியது. கீழே கொலை வழக்கு, பாகப் பிரிவினை, அப்பீல். மேலே விளக்கு. உலகத்தில் உயர்நீதிமன்றத்தைக் கலங்கரை விளக்கமாகவும் வைத்திருந்த ஊர்கள் நிறைய இருக்காது.

மூன்றாவது விளக்கைப் பற்றி எழுதிவிட்டு எம்டனைச் சொல்லாமல் போனால் தாத்தா இன்னொரு கடிதம் எழுதச் சொல்வார். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணிவாக்கில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்றது. போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது. ஆனாலும் சென்னையில் யாரும் விளக்கை அணைக்கவில்லை. கலங்கரை விளக்கமும் எரிந்துகொண்டிருந்தது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லருக்கு வழி காட்ட வேறு ஆள் தேவைப்படவில்லை. அரை மணி நேரத்தில் சுமார் 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஹைகோர்ட் வளாகத்திலும் குண்டு விழுந்தது. அதற்கான நினைவுக் கல்லை இன்றும் அங்கே பார்க்கலாம். கூப்பிடும் விளக்குக்கு யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரியாது, அவ்வளவுதான். எம்டனை அதே ஆண்டு நவம்பரில் கொக்கோஸ் தீவுகளுக்கு அருகில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி முடித்துவிட்டது. அந்தப் பெயர் மட்டும் சென்னையில் தங்கிவிட்டது. “அவன் சரியான எம்டன்” என்று என் பாட்டி சொன்னபோது அது ஒரு கப்பல் என்று அவருக்குத் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இதற்குள் துறைமுகம் வந்திருந்தது. 1875 டிசம்பரில் அன்றைய வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, கட்டிக்கொண்டிருக்கும்போதே 1881 நவம்பரில் புயல் வந்து பாதியை விழுங்க, மறுபடி கட்டினார்கள். அப்போது இன்னொன்றும் நடந்தது. இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். துறைமுகச் சுவர் அதைக் குறுக்கே தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா விரிந்தது. வடக்கே மணல் வராமல் கரை அரித்தது. உங்கள் ராயபுரம் கடலோரத்தில் கருங்கல் கொட்டியிருக்கிறதே, அதன் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. கோட்டைச் சுவர் வரை அலை வந்த காலம் ஒன்று இருந்தது. இன்று பழைய கல்தூணுக்கும் தண்ணீருக்கும் நடுவில் சாலையும் துறைமுகமும் கிடக்கின்றன.

நாலாவது, மெரினாவில் நிற்கும், நமக்கெல்லாம் தெரிந்த ‘லைட் ஹவுஸ்’. பறக்கும் ரயில் நிலையத்தின் பலகையில் கலங்கரை விளக்கம் என்றே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அப்படிச் சொல்லி டிக்கெட் கேட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. 1977 ஜனவரி 10 அன்று வேலையைத் தொடங்கிய விளக்கு. முக்கோண வடிவம், 11 மாடி, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை. கிட்டத்தட்ட 28 கடல் மைல், அதாவது 50 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல், எட்டும் ஒளி. லிஃப்ட் உண்டு. ‘ஏற்றருஞ் சென்னி’ என்று இனி யாரும் பாட முடியாது.

1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பார்வையாளர்களை நிறுத்தினார்கள். 22 ஆண்டுகள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கடலைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, ஊர்க்காரன் மட்டும் ஏற முடியாது. 2013 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று மறுபடி திறந்தார்கள். சிறு வயதில் அப்பா கூட்டிப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், அதற்குள் மூடிவிட்டார்கள். திறந்த பிறகு நான் என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பதாவது மாடியில் காற்று காதைப் பிய்த்தது. நான் அவளுக்கு வடக்கே துறைமுகக் கிரேன்களைக் காட்டினேன். அவள் நேர் கீழே நொச்சிக்குப்பம் மணலில் வலை உலர்த்தியிருப்பதைப் பார்த்து, “யாரோ பச்சைப் புடவை காயப் போட்டிருக்காங்கப்பா” என்றாள்.

அந்த விளக்கு யாருக்காக எரிகிறது என்ற உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்வதைவிட அந்த வலைக்காரர்களிடம் கேட்பது நல்லது என்று, உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலை லூப் ரோட்டுக்குப் போனேன். பைபர் போட்டை அப்போதுதான் மணலில் ஏற்றிவிட்டு வலையிலிருந்து கவலை மீனைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார் ஒருவர். ஐம்பது வயது இருக்கும். உள்ளங்கையெல்லாம் செதிள். “ஜிபிஎஸ் இருக்குதாண்ணே?” என்றேன்.

“இருக்குது. பையன் செல்லுலயும் இருக்குது.”

“அப்ப லைட் ஹவுஸைப் பாப்பீங்களா?”

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தோ பாரு சார். ராத்திரி உள்ளேர்ந்து வரும்போது ஊரே லைட்டா எரியும். ஓட்டலு, ஆஸ்பத்திரி, பிளாட்டு. அல்லாம் நின்ன எடத்துல எரியும். இது ஒண்ணுதான் கண்ணடிக்கும். அதைப் புடிச்சாத்தான் நம்ம குப்பம் எதுன்னு தெரியும். செல்லு தண்ணில வுழுந்துச்சுன்னா அது கண்ணடிக்குமா?”

இதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்ல வேண்டுமென்றால், ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனக்கென்று ஒரு சிமிட்டல் உண்டு. எத்தனை விநாடிக்கு எத்தனை முறை என்று கடல் வரைபடத்தில் குறித்திருக்கும். மாலுமி கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணுவார். எண்ணிக்கை பொருந்தினால் ஊர் தெரிந்துவிடும். பகலில் அதே வேலையைக் கோபுரத்தின் வண்ணப் பட்டைகள் செய்கின்றன. தன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது மட்டும்தான் அதன் வேலை.

கப்பல்களுக்கு இப்போது அது இரண்டாவது கருத்து. செயற்கைக்கோள் சொல்வதை ஒருமுறை கண்ணால் சரிபார்த்துக்கொள்வது. செயற்கைக்கோள் சைகையைக் குழப்பிவிட முடியும், கப்பலின் இடத்தையே தப்பாகக் காட்ட வைக்கவும் முடியும். உங்கள் தொழிலில் இதை என்னைவிட நன்றாக அறிந்திருப்பீர்கள். கோபுரங்களும் விளக்கோடு நிற்கவில்லை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடற்கரை நெடுக வைத்த ரேடார்களில் பலவற்றைக் கலங்கரை விளக்கங்களின் மேல் ஏற்றினார்கள். 1927இன் கலங்கரை விளக்கச் சட்டத்தையும் 2021இல் மாற்றிவிட்டார்கள். புதிய சட்டத்தின் தலைப்பில் ‘விளக்கு’ கிடையாது. கடல்வழி உதவிச் சாதனங்கள் என்று ஆகிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் சட்டம் எழுதுகிறவர்கள் என்னைக் கேட்டா எழுதுகிறார்கள்? அந்த விளக்குக்கான செலவையும் நீங்களோ நானோ நேரடியாகக் கட்டுவதில்லை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் அதற்கென்று ஒரு கட்டணம் கட்டுகின்றன. உங்கள் கம்பெனி அனுப்பும் சரக்குப் பெட்டகத்தின் கூலியில் சில பைசா அந்த ஒளிக்குப் போகிறது என்று மனைவியிடம் சொல்லிப் பாருங்கள். செல்ஃபி எடுக்க உரிமை இன்னும் கூடும்.

கடைசியாகத் தாத்தாவுக்கு ஒரு கேள்வி. மூன்றாவது விளக்கு ஹைகோர்ட்டில், துறைமுகத்துக்குப் பக்கத்துக் கரையில் எரிந்தது. நாலாவது தெற்கே சுமார் ஐந்து கி.மீ. தள்ளி எரிகிறது. தாத்தா 1977இல் துறைமுக வேலையில் இருந்தாரா? இருந்திருந்தால், ராத்திரி ஷிஃப்டில் தலையைத் திருப்பும் திசையே ஒருநாள் மாறியிருக்க வேண்டும். அந்த ஜனவரி ராத்திரி அவர் எங்கே நின்றார், பழைய விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்தாரா, அல்லது மறுநாள் யாராவது சொல்லித்தான் தெரிந்ததா என்று கேட்டு எழுதுங்கள். அவர் பேசுவதை செல்போனில் பதிவு செய்து அனுப்பினால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளன்